தொள்ளாயிரம் வரிவடிவங்களும் ஆய்வேட்டின் ஒரு பக்கமும்: திருவனந்தபுரத்தின் கட்டற்ற எழுத்துரு வரலாறு

என் ஆய்வேட்டில் ஒரு பக்கம் உண்டு. அதன் தொடக்கத்தில், ஜ்யேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷா என்னும் கணித நூலிலிருந்து ஒரு பகுதி. அதன் கீழே என் தமிழாக்கம். அடுத்து, பிறமொழி ஆய்வாளருக்காக உரோமன் எழுத்துப்பெயர்ப்பு. இறுதியில், மூலம் சொற்களால் சொல்லிச் செல்வதை இன்றைய குறியீட்டில் தரும் ஒரு வரி. விட்டத்தை 'வி' என்று கொண்டால், வட்டத்தின் சுற்றளவு 4வி − 4வி/3 + 4வி/5 − 4வி/7 என முடிவின்றி நீளும் தொடராகும்.

இப்பக்கத்தை ஓர் அச்சகத்தில் கொடுத்து வாங்கியபோது மூன்று குறைகள் கண்ணில் பட்டன. மலையாள மேற்கோளில் கூட்டெழுத்துகள் யாவும் உடைந்து, இடையிடையே புள்ளிக்குறி பெற்றுத் தனித்தனியே நின்றன. உரோமன் பெயர்ப்பில் றகரத்துக்கும் ழகரத்துக்கும் உரிய கீழ்க்கோட்டெழுத்துகள் மட்டும் வேறோர் எழுத்துருவிலிருந்து கடன்வாங்கப்பட்டு, வரிக்குள் அயலாரைப் போல் தடித்துத் தெரிந்தன. கணித வரியில் கழித்தற்குறியின் இடத்தில் சிறு இணைப்புக்கோடு வந்திருந்தது. ஓர் எழுத்தும் விடுபடவில்லை; ஆயினும் நான் கொடுத்த பக்கம் அதுவன்று. "அதற்கெல்லாம் எழுத்துரு இல்லை" என்பதே அச்சகத்தில் கிடைத்த விளக்கம்.

அந்த விளக்கத்தின் வரலாற்றைத் தேடியதன் பயன் இக்கட்டுரை. எழுத்துரு இல்லை என்ற காரணத்தால் ஒரு மொழியின் எழுத்தையே குறைத்த ஊர் திருவனந்தபுரம். குறைத்த எழுத்தை மீட்க எழுத்துருவை ஆக்கிப் பொதுவுடைமையாக்கிய முயற்சிக்கு இடமளித்ததும் அதே ஊர். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள்.

1. ஈயத்தின் காலம்

திருவிதாங்கூர் நாட்டின் முதல் அச்சகம் தமிழுக்காகவே ஏற்பட்டது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820இல் நாகர்கோவிலில் அதனை நிறுவினார். அடுத்த ஆண்டு கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லியின் சி.எம்.எஸ். அச்சகம் தோன்றியது. சென்னையிலிருந்து வந்த மலையாள அச்செழுத்துகள் பெய்லிக்கு நிறைவளிக்கவில்லை. உள்ளூர்த் தச்சரையும் பொற்கொல்லரையும் துணைக்கொண்டு அவரே அச்சுகளை வார்த்தார். மலையாள எழுத்து இன்று பெற்றுள்ள உருண்ட வடிவம் அம்முயற்சியால் நிலைபெற்றது.

மலையாள எழுத்தின் சிக்கல் அதன் கூட்டெழுத்துகளில் உள்ளது. இரு மெய்கள் சேர்ந்தால் புதியதொரு வடிவம் பிறக்கும். மூன்று சேர்ந்தால் மற்றொன்று. உகர ஊகாரக் குறிகளும் மெய்யோடு ஒட்டி, மெய்க்கு ஏற்ப வெவ்வேறு விதமாக வளையும். தமிழில் 'கு', 'சு', 'டு' ஆகிய மூன்றில் உகரம் மூன்று விதமாக வளைவதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். இவ்வாறு அமையும் வடிவங்களைத் தொகுத்தால் தொள்ளாயிரத்தை எட்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனைக்கும் ஈயத்தில் அச்சு வேண்டும். அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அத்தனைக்கும் அறை வேண்டும்.

கடினமான வேலைதான்; செய்ய முடியாத வேலையன்று. யுக்திபாஷாவின் முதற்பகுதியை ராமவர்ம மரு தம்புரானும் ஏ.ஆர். அகிலேசுவர ஐயரும் விளக்கக் குறிப்புகளுடன் பதிப்பித்து, 1948இல் திருச்சூர் மங்களோதயம் வழியாக வெளியிட்டனர். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் முந்திய பதிப்பு அது. ஒட்டிவளைந்த கூட்டெழுத்துகளுடன் ஒரு கணித நூல் ஈய அச்சில் வந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. கணினி நுழைந்த பின்னர் அதே பகுதியை அதே வடிவில் அச்சிட முடியாமற் போனது ஏன் என்பதே நம் கேள்வி.

2. பொறிக்காக எழுத்து

விடை தட்டச்சுப்பொறியில் உள்ளது. மலையாளம் ஆட்சிமொழியாக வேண்டுமெனில் அலுவலகங்களில் மலையாளத் தட்டச்சு வேண்டும். தட்டச்சுப்பொறியின் விசைகளோ நூற்றுக்கும் குறைவு. சூரநாடு குஞ்ஞன்பிள்ளை தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை அடியொற்றி, கேரள அரசு 1971 மார்ச் 23 அன்று ஆணை பிறப்பித்தது; ஏப்ரல் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உகர ஊகாரக் குறிகள் மெய்யினின்று பிரிக்கப்பட்டன. பெரும்பாலான கூட்டெழுத்துகள் புள்ளிக்குறியிட்டுப் பிளக்கப்பட்டன. தொள்ளாயிரம் தொண்ணூறு அளவுக்குச் சுருங்கியது.

தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. பெரியார் 1935 முதல் குடி அரசு இதழில் கையாண்ட வடிவங்களைத் தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வரிசைகள். ணை, லை, ளை, னை எனப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. அளவில் சிறிய அந்த மாற்றம் விரைவில் வேரூன்றியது. பின்னர் வா.செ. குழந்தைசாமி இகர ஈகார, உகர ஊகார உயிர்மெய்களையும் தனிக்குறிகளால் எழுத வேண்டும் என்று நெடுங்காலம் வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட்டிருந்தால் மலையாளத்தின் 1971 நமக்கும் நேர்ந்திருக்கும்.

சீர்திருத்தம் கொணர்ந்தோரைப் பழித்தல் எளிது, முறையன்று. அவர்கள் முன் நின்றது உண்மையான தேவை. அலுவலகக் கோப்பு தாய்மொழியில் அமைய வேண்டுமென்ற விருப்பம் மதிக்கத்தக்கது. ஆயினும் ஒரு காலத்துப் பொறியின் எல்லை, பொறி மறைந்த பின்னரும் எழுத்தின் எல்லையாக நீடித்தது. தட்டச்சுக்கென வகுத்த வடிவம் பாடநூலுக்குள் சென்றது. பாடநூலிலிருந்து கணினி எழுத்துருவுக்குள் சென்றது. கையால் எழுதுவோர் பழைய கூட்டெழுத்துகளை விடவில்லை. அச்சு வேறொன்றைக் காட்டியது. ஒரே தலைமுறை இருவகை எழுத்துகளுக்கிடையே வளர்ந்தது.

3. கணிதம் கண்ட மாற்றுவழி

ஏறத்தாழ அதே காலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு முடிவு உலகின் மற்றொரு கோடியில் எடுக்கப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக் கணினியறிஞர் டொனால்டு நூத், தம் நூலொன்றின் மறுபதிப்புக்கு 1977இல் வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் நொந்தார். ஈய அச்சிலிருந்து ஒளி அச்சுக்கு மாறியதில் கணிதப் பக்கங்களின் அழகு குலைந்திருந்தது. பொறிக்கேற்பக் குறியீடுகளைச் சுருக்கிக்கொள்ள அவர் ஒப்பவில்லை. பக்கத்தைக் கோக்க டெக் என்னும் நிரலையும், எழுத்தை வரைய மெட்டாஃபாண்ட் என்னும் மொழியையும் தாமே ஆக்கினார். அவற்றைக் கொண்டு உருவாக்கிய கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பத்தையும் நிரல்களின் மூலத்தையும் எவரும் கற்கவும் பயன்கொள்ளவும் திறந்து வைத்தார்.

கணிதத்தில் எழுத்தின் வடிவம் அலங்காரமன்று. சாய்ந்த எழுத்து மாறியைக் குறிக்கும். அதே எழுத்து தடித்து நின்றால் திசையனைக் குறிக்கும். இரட்டைக் கோட்டில் வரைந்தால் எண்கணத்தைக் குறிக்கும். வடிவத்தை மாற்றினால் பொருள் மாறும். இதனை உணர்ந்தே ஒருங்குறி தன் 3.1ஆம் பதிப்பில், 2001இல், கணித எழுத்துகளுக்கென ஏறத்தாழ ஆயிரம் தனி இடங்களை ஒதுக்கியது. கேரளம் தன் எழுத்தைத் தொள்ளாயிரத்திலிருந்து தொண்ணூறாகக் குறைத்து முப்பதாண்டுகள் கழிந்தபோது, அறிவியல் உலகம் தன் எழுத்துகளை ஆயிரமாக விரித்துப் பதிவுசெய்தது. இவ்விரு வரலாறுகளும் சந்தித்த இடம் திருவனந்தபுரம்.

4. ஒரு கணிதத் துறையிலிருந்து

சந்திப்பு கேரளப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் நிகழ்ந்தது. அரைக்குலக் கோட்பாட்டில் உலகப் புகழ்பெற்ற கே.எஸ்.எஸ். நம்பூதிரிபாடு (1935–2020) அங்கே பேராசிரியராயிருந்தார். ஒழுங்கு அரைக்குலங்களின் அமைப்பைப் பற்றிய அவருடைய ஆய்வை அமெரிக்கக் கணிதவியல் கழகம் 1979இல் வெளியிட்டது. அம்புக்குறிகளும் அடுக்கடுக்கான மேற்குறி கீழ்க்குறிகளும் நிறைந்த துறை அது. டெக்கைத் தாம் பயன்கொண்டதோடு அமையாமல், மாணவர்க்கும் நண்பர்க்கும் அவர் கற்பித்தார். கட்டற்ற மென்பொருளின் வழக்கறிஞராகவும் விளங்கினார்.

அவ்வட்டத்தில் டெக் கற்றவர்களுள் சி.வி. ராதாகிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 1990களில் அவர் தொடங்கிய அச்சுக்கோப்பு முயற்சி, வெளிநாட்டு அறிவியல் இதழ்களின் பக்கங்களைத் திருவனந்தபுரத்தில் கோக்கும் தொழிலாக வளர்ந்தது. எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் ஆய்வாளர் எடுத்தாளும் 'எல்ஸ்ஆர்ட்டிகிள்' என்னும் லாடெக் வார்ப்புரு அவ்வட்டத்தின் ஆக்கம். கட்டுரை அனுப்பும் நம்மவருள் பலர், அந்த வார்ப்புரு கேரளத்தில் எழுதப்பட்டது என்பதை அறியாமலே பயன்படுத்துகிறோம்.

இந்திய டெக் பயனர் குழுவும் இவ்வூரை மையமாகக் கொண்டே இயங்கியது. உலக டெக் பயனர் குழுவின் ஆண்டு மாநாடு 2002இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் நடந்தது. 2011இலும் 2025இலும் மீண்டும் அதே நகரில் கூடியது. ஈ. கிருஷ்ணனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இந்தியக் குழு 2003இல் வெளியிட்ட லாடெக் தொடக்கப் பாடநூல், விலையின்றி இணையத்தில் பரவி, பல நாட்டு மாணவர்க்கு முதற்பாடமாயிற்று.

ஒரு முரணை இங்கே சுட்ட வேண்டும். அந்நிய மொழியின் கணிதப் பக்கங்களை நுட்பமாகக் கோக்கும் கைகள் இந்நகரில் பெருகின. அக்கைகளின் தாய்மொழி மட்டும் கணினியில் உடைந்து கிடந்தது. எட்டு இருமங்களில் இயங்கிய அக்கால எழுத்துருக் கோப்பில் 256 இடங்களே உண்டு. தொள்ளாயிரம் வடிவங்களை அடக்க நான்கு கோப்புகளேனும் வேண்டும். ஜெரோன் ஹெல்லிங்மேன் 1990களில் டெக்குக்கென மலையாள எழுத்துகளை ஆக்கியளித்தார். ஆனால் ஒரு நூலைத் தட்டச்சிட்டு, தேடி, திருத்தி, வேறொரு கணினியில் மீண்டும் திறக்கத்தக்க வழி அன்று அமையவில்லை.

5. ரசனா: மீட்பும் திறப்பும்

ஆர். சித்ரஜகுமார் முதலியோர் 1999இல் தொடங்கிய இயக்கம் ரசனா அட்சரவேதி. 'ரசனா' என்பதற்கு ஆக்கம் என்பது பொருள். கணினிக்கு விசைகளின் எல்லை இல்லாதபோது, விசைக்காகக் குறைத்த எழுத்தை ஏன் தொடர வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கேள்வி. எழுத்துருவை வரைந்தவர் கே.எச். ஹுசைன். பீச்சியிலுள்ள கேரள வன ஆய்வு நிறுவனத்தில் நூலகப் பணியில் இருந்தவர். நூற்பட்டியும் தேடலும் காப்பும் தொழிலாகக் கொண்ட ஒருவர் எழுத்துரு வரையப் புகுந்தது தற்செயலன்று என்றே கருதுகிறேன். எழுத்தின் வடிவம் சிதைந்தால் ஆவணத்தில் தேடுதலும் சிதையும் என்பதை அன்றாடம் காண்பவர் நூலகரே.

தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்களுடன் ரசனா எழுத்துரு உருவாயிற்று. அதன் இரண்டாம் பிறப்பு கட்டற்ற மென்பொருள் இயக்கத்தோடு சேர்ந்தது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டளவில் பைஜு என்னும் பொறியியல் மாணவரின் முயற்சியால் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு முளைத்தது. 'என் கணினிக்கு என் மொழி' என்பது அதன் முழக்கம். ரசனா எழுத்துரு பொது உரிமத்தின்கீழ்த் திறந்துவிடப்பட்டு இக்குழுவின் பராமரிப்புக்கு வந்தது. அதே மரபில் மீரா பிறந்தது. பின்னர் சந்தோஷ் தோட்டிங்கல் வடிவமைத்த மஞ்சரி முதலியன தொடர்ந்தன.

இங்கே ஒரு நுட்பத்தை விளக்காமல் மேற்செல்ல இயலாது. ஒருங்குறியில் கூட்டெழுத்துகளுக்கு இடம் இல்லை. தனி மெய், உயிர், குறி ஆகியவற்றுக்கே இடம் உண்டு. மெய், புள்ளிக்குறி, மெய் என்ற வரிசையைக் கண்டதும் அதற்குரிய கூட்டெழுத்தைக் காட்டுவது எழுத்துருவுக்குள் எழுதப்பட்ட விதிகளின் வேலை. ஆகவே சேமிக்கப்படும் பனுவல் ஒன்றே. பழைய வடிவமா புதிய வடிவமா என்பதை எழுத்துரு தீர்மானிக்கும். 1971இல் அரசாணையால் முடிவான ஒன்று இன்று வாசிப்பவரின் தேர்வாகிவிட்டது. எந்தப் பனுவலையும் திருத்தாமல், எவரையும் கட்டாயப்படுத்தாமல், பழைய எழுத்து திரும்பி வர வழி பிறந்தது. 2022இல் கேரள அரசும் பழைய வடிவங்கள் சிலவற்றுக்குத் திரும்பும் பரிந்துரைகளை ஏற்றது.

ஆனால் அந்த விதிகளைப் படித்து நடக்கும் மென்பொருளும் வேண்டும். ஜொனாதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக், ஒருங்குறியையும் ஓப்பன்டைப் விதிகளையும் டெக்குக்குள் கொணர்ந்தது. லூவாடெக்கோடு ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரல் இணைந்து, 2020ஆம் ஆண்டின் டெக் லைவ் தொகுப்பில் வழக்கமாயிற்று. மலையாள நூலைக் கணித நூலுக்குரிய நுட்பத்தோடு கோக்க முடிந்தது அதன் பின்னரே. சாயாஹ்னா அறக்கட்டளை திருவனந்தபுரத்திலிருந்து மலையாள நூல்களை எண்ணிமப்படுத்தி வெளியிட்டு வருவதில் இவ்வழியின் பயனைக் காணலாம்.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. உயிர் சேராமல் சொல்லிறுதியில் நிற்கும் சில்லு எழுத்துகளுக்கு ஒருங்குறி 5.1ஆம் பதிப்பு, 2008இல், தனி இடங்களைத் தந்தது. அதற்கு முன்பு அவை பிற குறிகளின் கூட்டாக எழுதப்பட்டன. விளைவாக ஒரே சொல்லுக்கு இரு குறியீட்டு வரிசைகள் ஏற்பட்டன. திரையில் ஒன்றுபோல் தோன்றும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றொன்று அகப்படாது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழிலும் 'ஸ்ரீ' இவ்வாறே. ஸகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். 2005இல் சேர்ந்த ஶகரத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். நூற்பட்டியில் தேடுவோர் இதன் துன்பத்தை அறிவர்.

6. குடும்பம் என்றால் என்ன?

ஓர் எழுத்துருவை ஆக்குவது வேறு. எழுத்துருக் குடும்பத்தை ஆக்குவது வேறு. அறிவியல் நூலுக்கு நேர், தடிப்பு, சாய்வு, தடிசாய்வு என நான்கேனும் வேண்டும். உயிரினப் பெயர் சாய்வில் வரும். தேற்றத்தின் தலைப்பு தடிப்பில் வரும். இந்திய எழுத்துகளுக்குச் சாய்வு மரபு இல்லை. உரோமனின் பழக்கத்தை அப்படியே போர்த்தினால் வட்டங்கள் நசுங்கும். ஆகவே சாய்வின் அளவு முதல் எல்லாவற்றையும் புதிதாகச் சிந்திக்க வேண்டும். ஹுசைனும் கே.வி. ரஜீஷும் ராதாகிருஷ்ணனும் சேர்ந்து உருவாக்கிய ரசனா அச்சுக்கலை நிறுவனத்தின் வழியே ரசனா எழுத்துரு இந்நான்கு வகைகளையும் பெற்றது. பன்மனை முதலிய எழுத்துருக்களும் அங்கிருந்து வந்தன. 'பன்மனை' என்ற பெயர், மொழித் தூய்மைக்காக வாழ்நாளெல்லாம் எழுதிய பன்மனை ராமச்சந்திரன் நாயரின் நினைவு.

கணித எழுத்துருவோ மேலும் கடினமானது. வடிவங்களோடு அளவுகளும் அதில் பொதிந்திருக்க வேண்டும். வர்க்கமூலக் குறி உள்ளிருப்பதற்கேற்ப எவ்வளவு வளரும், மேற்குறி எவ்வளவு உயரும், பின்னக்கோடு எங்கே நிற்கும் என்பவை எழுத்துருவின் தனி அட்டவணையில் இடம்பெறும். 2007இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆஃபிசுடன் கேம்பிரியா மேத் இவ்வட்டவணையை அறிமுகப்படுத்தியது. அமெரிக்கக் கணிதவியல் கழகம், எல்செவியர் உள்ளிட்ட பதிப்பாளர்கள் கூடி 1990களின் நடுவில் தொடங்கிய ஸ்டிக்ஸ் எழுத்துரு 2010இல்தான் வெளிவந்தது. பெரும் பதிப்பு நிறுவனங்கள் சேர்ந்தும் பதினைந்து ஆண்டுகள்! அவர்களும் அதனைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டனர் என்பது நினைக்கத்தக்கது. அறிவியலுக்கான எழுத்து ஒருவரின் தனிச்சொத்தாக இருந்தால் அறிவியலே முடங்கும் என்பதைப் பதிப்பாளரும் ஒப்புக்கொண்டனர் என்று இதனைக் கொள்ளலாம்.

இவற்றோடு பன்மொழிப் பக்கத்தின் சிக்கலும் சேர்கிறது. மலையாளக் கூட்டெழுத்துகள் கீழ்நோக்கி அடுக்கப்படுவதால் வரியிடைவெளி மிகுதியாக வேண்டும். தமிழெழுத்து அகலமானது, ஒரே புள்ளியளவில் உரோமன் அருகே நின்றால் ஒன்று பெருத்தும் மற்றொன்று சிறுத்தும் தோன்றும். உரோமன் எழுத்துப்பெயர்ப்புக்கு மேற்கோடு, கீழ்ப்புள்ளி, கீழ்க்கோடு ஆகியவற்றோடு கூடிய எழுத்துகள் முழுமையாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மென்பொருள் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டும். என் பக்கத்தில் நேர்ந்த இரண்டாம் குறை இதுவே.

7. தமிழுக்கு இதனால் என்ன?

டெக்கில் தமிழ் பிந்தி நுழைந்த மொழியன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே 1990 அளவிலேயே மெட்டாஃபாண்டில் தமிழ் எழுத்துகளை வரைந்தளித்தார். பின் வந்த பத்தாண்டுகள் குறியீட்டுக் குழப்பத்தில் கழிந்தன. தஸ்கி, 1999 சென்னை மாநாட்டில் அறிவித்த தாம், தாப், இவற்றோடு நிறுவனத்துக்கு ஒன்றாக எண்ணற்ற தனிக்குறியீடுகள். 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் ஏற்றது. அதற்குள் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் கணினிக் கோப்புகள் பல, உரிய எழுத்துரு கிடைக்காமையால் இன்று படிக்க இயலாத குறிக்கூட்டங்களாக நிற்கின்றன. ஆய்வாளர் இருக்கிறார், கோப்பு இருக்கிறது, எழுத்துருவை விற்றவர் இல்லை. உரிமம் மூடியிருந்ததால் அதனை வேறொருவர் பேணிப் புதுப்பிக்கவும் வழியில்லை. எழுத்துருவின் உரிமம் ஆவணக் காப்பின் ஒரு பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

கேரளக் குழுவின் கொடை தமிழுக்கும் வந்தது. ஹுசைன் வரைந்த மீரா இனிமை என்னும் தமிழ் எழுத்துரு, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் வழியாகத் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியாகி, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கிறது. மலையாள மீராவின் உடன்பிறப்பாதலால், இரு மொழி மேற்கோள்களை அடுத்தடுத்து வைப்போர்க்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. ஆயினும் அது ஒரே வகையில், நேரெழுத்தில் மட்டும் உள்ளது. தடிப்பு இல்லை, சாய்வு இல்லை.

தமிழில் திறந்த எழுத்துருக்கள் இன்று பல உள்ளன. நான் வேண்டுவது சற்று வேறானது. நான்கு வகைகளும் கொண்ட நூலெழுத்து, 1978க்கு முந்திய யானைக்கொம்பு ஐகாரம் முதலிய வடிவங்களை வேண்டியபோது காட்டும் விதிகள், கிரந்த எழுத்துகள், முந்திரி, காணி, மா எனக் கணக்கதிகாரம் முதலிய நூல்களில் வழங்கும் பின்னக் குறிகள், முழுமையான உரோமன் பெயர்ப்பெழுத்துகள், இவற்றோடு உயரத்திலும் தடிப்பிலும் இயைந்த கணிதக் குறிகள். பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 வடிவங்கள் ஒருங்குறி 12.0ஆம் பதிப்பில், 2019இல், இடம்பெற்றுவிட்டன. 320இல் ஒன்றான முந்திரிக்குக் கணினியில் முகவரி கிடைத்துவிட்டது. அம்முகவரியில் குடியிருக்க நூலுக்குரிய நல்ல வடிவம் வேண்டும்.

இதற்குத் தடை திறமையின்மை என்று என்னால் கருத இயலவில்லை. வெளிநாட்டு இதழ்களைக் கோக்கும் தொழில் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல்லாண்டுகளாகப் பெருகியுள்ளது. திருவனந்தபுரத்தில் அத்தொழிலில் தேர்ந்தவர், கணிதப் பேராசிரியர், நூலகர், தன்னார்வ மாணவர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்தனர். தமிழ்த் துறையும் கணிதத் துறையும் அச்சுத் தொழிலும் நம்மிடையே மூன்று தீவுகளாக உள்ளன.

மறுதரப்பையும் சொல்லிவிட வேண்டும். திறந்த உரிமம் தானாகவே நல்ல எழுத்துருவைத் தந்துவிடாது. ரசனாவின் பின்னணியில் ஒரு சிலரின் இருபதாண்டு உழைப்பு இருக்கிறது; அந்தச் சிலர் ஓய்ந்தால் தொடர்வோர் யார் என்ற கேள்வி கேரளத்திலும் உண்டு. விலைக்கு விற்கும் எழுத்துரு வடிவமைப்பாளரின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. ஆனால் மூலம் திறந்திருந்தால், ஓய்ந்தவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடங்கலாம். மூடியிருந்தால் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இந்த ஒரு வேறுபாடு பல்கலைக்கழகங்களின் பொதுப்பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதைக் காட்டப் போதுமானது. ஓர் எழுத்துருக் குடும்பத்தை ஆக்குதல் ஒரு சொற்பிறப்பியல் அகராதியை ஆக்குதலுக்கு நிகரான ஆய்வுப்பணி. அதனை ஆய்வுப்பட்டத்துக்கும் நல்கைக்கும் உரிய பணியாகத் துறைகள் ஏற்க வேண்டும்.

என் பக்கத்துக்குத் திரும்புகிறேன். அச்சகத்திலிருந்து வந்த படியை ஒதுக்கிவிட்டு, ரசனா, மீரா இனிமை, ஸ்டிக்ஸ் ஆகிய மூன்றையும் கொண்டு லூவாடெக்கில் நானே கோத்தேன். உரோமன் பெயர்ப்பும் கழித்தற்குறியும் ஸ்டிக்ஸின் பொறுப்பு. மூன்று எழுத்துருக்களின் உயரங்களை இசைவிக்க நான்கு மாலைகள் சென்றன. மலையாளக் கூட்டெழுத்துகள் 1948ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ளவாறே ஒட்டி வளைந்து நின்றன. றகரத்தின் கீழ்க்கோடு தன் இனத்தோடு சேர்ந்தது. கழித்தற்குறி கழித்தற்குறியாகவே நீண்டது. தமிழாக்கத்தில் ஒரு சொல்லைத் தடிப்பாகக் காட்ட வேண்டியிருந்தது. மீரா இனிமையில் தடிப்பு இல்லாமையால் மேற்கோட்குறிக்குள் வைத்தேன். அந்த மேற்கோட்குறியை நீக்கி அச்சொல்லைத் தடிப்பெழுத்தில் அமைக்கும் நாள், அடுத்து வரும் ஓர் ஆய்வு மாணவருக்கேனும் வாய்க்க வேண்டும்.